பிரிட்ஜ் கதவில் இருபத்தேழு டிக்

அத்தியாயம் 9

குழிக்குள் விழுந்த பந்தை எடுக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் நின்ற இடத்தில் போன வாரம் விட்டுவிட்டு வந்தோம். ஒரு பெரிய மனுஷரை ஏழு நாள் அப்படியே குனிய வைத்தது பாவம்தான். கவலை வேண்டாம், தீர்த்தகிரி நிமிர்ந்துவிட்டார். முக்கால்வாசி.

மிச்சமிருக்கும் கால்வாசிதான் இந்த வாரத்துப் பிரச்சினை.

தீர்த்தகிரிக்கு அறுபத்தேழு வயது. பெங்களூரில் ஒரு கோல்ஃப் கிளப்பில் புல்லுக்குத் தண்ணீர் விடும் பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். திங்கட்கிழமை மெம்பர்களுக்கு விடுமுறை, அன்றைக்கு ஊழியர்கள் ஆடிக்கொள்ளலாம். அப்படித் திங்கள் திங்களாகப் பழகிய ஆட்டம். ஓய்வு பெற்று இண்டூருக்குத் திரும்பியபோது, ஒரு பழைய மெம்பர் கொடுத்த ஒன்பது மட்டைகளும் கூடவே பஸ் ஏறி வந்தன. கேழ்வரகு விதைக்க வேண்டிய மேட்டுக் கொல்லையில் ஒரு ஏக்கரை ஒதுக்கி, நாலு குழி வெட்டி, குழிக்கு ஒரு கொடி நட்டார். ஊர் முதலில் போர்வெல் போடப் போகிறார் என்று நினைத்தது. பிறகு ஏதோ பரிகாரம் என்று நினைத்தது. இப்போது நினைப்பதையே விட்டுவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் அறுபது தாண்டியவர்களுக்கான ஜோடி ஆட்டம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அவருடைய ஜோடி தர்மபுரி மாம்பழ மண்டி நூர் பாஷா, வயது எழுபத்தொன்று. போன வருஷம் இருவரும் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடத்தைப் பிடித்த ஜோடி பாதி ஆட்டத்தில் பசிக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

இதற்கு நடுவில்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. சித்திரையில் ஒரு தடவை இப்படி ஆனபோதே அவர் மனைவி கோவிந்தம்மாள் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி இடுப்பு புடிச்சுதுன்னா அந்தப் பை பரண்ல ஏறும். வேணும்னா நீங்களும் கூடவே ஏறிக்கலாம்."

ஆகவே தீர்த்தகிரி வெள்ளிக்கிழமையிலிருந்து வலியை மறைத்து வாழ்ந்துகொண்டிருந்தார். இன்றைக்கு வியாழக்கிழமை.

காலையில் கட்டிலை விட்டு எழுவதற்கே ஒரு திட்டம் வேண்டியிருந்தது. முதலில் பக்கவாட்டில் புரள வேண்டும். பிறகு முழங்கை. பிறகு, குட்டையிலிருந்து கிளம்பும் எருமை மாதிரி, பின்பக்கம் முன்னால். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

கோவிந்தம்மாள் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து கத்தி நழுவி அவர் காலடிக்கு வந்து நின்றது.

"ஏங்க, அதக் கொஞ்சம் எடுங்க."

தீர்த்தகிரி கத்தியைப் பார்த்தார். கத்தி வெகு தூரத்தில், அதாவது தரையில், இருந்தது.

"எதுக்கு? அது அங்கயே நல்லாத்தான இருக்குது."

"அவரக்கா இங்க இருக்குதே."

பெருவிரலால் கத்தியை மெல்லத் தள்ளி அவள் பக்கம் அனுப்பிவைத்தார். பந்தைக் குழிக்கு உருட்டுவதில் அவருக்கு இன்னமும் கைராசி உண்டு, காலுக்கும் அது வந்திருந்தது.

கோவிந்தம்மாள் கத்தியைக் கூடைக்குள் போட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அங்கேதான் தீர்த்தகிரிக்குப் பொறி தட்டியது. பத்து வருஷமாக இவள் தரையிலிருந்து எழுந்தால் தெருமுனை வரைக்கும் 'ஐயோ முட்டி' என்று கேட்கும். சுவர் ஒரு கை, ஜன்னல் ஒரு கை, சமயத்தில் அவருடைய தோள் ஒரு கை. இப்போது அவரைக்காய்க் கூடையை இரண்டு கையாலும் பிடித்தபடி, எதையும் தொடாமல், நீரிலிருந்து நாரை எழுவது போல எழுந்து போகிறாள்.

இது எப்போதிலிருந்து? தைலமா? மாத்திரையா? தீர்த்தமலைக் கோயிலுக்குப் போய் வந்தாளா? கேட்கலாம்தான். ஆனால் அவள் முட்டியைப் பற்றிக் கேட்டால் பேச்சு அவர் இடுப்புக்கு வந்து நிற்கும். வாயை மூடிக்கொண்டு பிரிட்ஜிடம் போனார்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தர்மபுரியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கும் மகள் கோகிலவாணி போன மாதம் ஒட்டிவிட்டுப் போனது. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குவது, கம்பைத் தோளில் வைத்துத் திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது, பின்தொடையை நீட்டுவது என்று ஐந்து. செய்து முடித்த நாளுக்கு ஒரு டிக்.

இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. இருபத்தேழு டிக் இருந்தது. தீர்த்தகிரி செய்தது ஒரு நாள்கூட இல்லை. டிக் போடக் கையைத் தூக்குவதே தோளுக்கு நல்ல பயிற்சி என்பது அவர் கட்சி. தினமும் காலையில் பேனாவை எடுத்து டிக் போட்டுவிட்டு, பேப்பரோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்.

இன்றைக்கு மட்டும் பேனா வரைக்கும் போன கை நின்றது. இடுப்பு அவ்வளவு கெஞ்சியது. டிக் போடாமலே, "சவரம் பண்ணிக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

போனது சவரக் கடைக்கு அல்ல, நஞ்சம்மாளின் மாவு மில்லுக்கு.

பிரசவத்தில் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் பிடித்த இடத்தில் காலால் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது ஊர் நம்பிக்கை. இண்டூரில் அப்படிப் பிறந்தவள் நஞ்சம்மாள். அறுபத்திரண்டு வயதில் அவள் மிதிக்காத முதுகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. இரண்டு மாஜி தலைவர்களை மிதித்திருக்கிறாள். கட்சி பார்த்ததில்லை.

மில்லில் கேழ்வரகு அரைபட்டுக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி அக்கம்பக்கம் பார்த்தார்.

"நஞ்சம்மா, ஒரு சின்ன உதவி. கொஞ்சம் கால வெக்கணும்."

"வாங்கண்ணா. வருவீங்கன்னு தெரியும்." அவள் மாவுக் கையைத் தட்டிக்கொண்டாள். "ஆனா கால வெக்க மாட்டேன்."

"ஏன்?"

"அண்ணி வேணாம்னுட்டாங்க."

"எந்த அண்ணி?"

"எத்தன அண்ணி வெச்சிருக்கீங்க? உங்க வூட்டு அண்ணிதான். வெள்ளிக்கிழம சாயந்தரமே வந்து சொல்லிட்டாங்க. 'எங்க வூட்டாரு ஒளிஞ்சு ஒளிஞ்சு வருவாரு. வயசான எலும்பு, மிதிச்சு எதாச்சும் நவுந்துடப் போவுது, எம் பொண்ணு கத்துவா, கால வெச்சுடாத நஞ்சு'ன்னாங்க."

தீர்த்தகிரிக்கு வாய் மூடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கொல்லையில் அவர் தனியாக இருந்தார். ஒரு ஆடுகூட இல்லை. அரை மணி நேரம் குனிந்தபடியே வரப்போரம் நடந்து, வேலியைப் பிடித்து நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்குள் நுழைந்தவர். சாயந்தரத்துக்குள் அவளுக்கு எப்படித் தெரிந்தது?

அதை யோசித்துக்கொண்டே நஞ்சம்மாளைப் பார்த்தவர், அப்போதுதான் கவனித்தார். மிஷின் பக்கத்தில் அவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கால்ல முள்ளு ஏதாச்சும் ஏறிடுச்சா?"

"இல்லண்ணா. அண்ணி சொன்னதுதான். ஒரு படி அரைபடற நேரம் இந்தக் காலு, அடுத்த படிக்கு அந்தக் காலு. வயசான காலத்துல வுழுந்து எலும்ப ஒடைச்சுக்காம இருக்கலாமாம். சும்மா நிக்கற நேரந்தான?"

"அவளுக்கு யாரு சொன்னது?"

"அதப் போயி நீங்க எங்கிட்டக் கேக்கறீங்களே!" என்று சிரித்தவள், காலை மாற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கோகிலவாணியின் ஸ்கூட்டர் நின்றது. கிளினிக் வைத்திருப்பவள் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அம்மா வீட்டுக்கு வந்தால் அது விருந்துக்கு அல்ல.

"சவரம் நல்லா பண்ணியிருக்காங்கப்பா" என்றாள், அவருடைய மூன்று நாள் தாடியைப் பார்த்து. "உக்காருங்க. கை ஊனாம எந்திரிங்க. பத்து தடவ."

மூன்று வந்தது. நான்காவது தடவை நாற்காலியும் கூடவே எழுந்தது.

"சரி, ஒத்தக் கால்ல நில்லுங்க."

"நின்னா ஞாயித்துக்கிழம வுட்டுடுவியா?"

"மொதல்ல நில்லுங்க."

போன் கடிகாரம் ஓடியது. ஆறு வினாடியில் தீர்த்தகிரி சுவரைக் கட்டிக்கொண்டார். மறு காலில் நாலு. அப்புறம் கம்பைத் தோளில் வைத்து உட்காரவைத்து இடமும் வலமும் திருப்பினாள். அவர் கழுத்து திரும்பியது, கண்கள் திரும்பின, உடம்பு கிழக்கே பார்த்தபடியே இருந்தது.

"பாத்தீங்களாப்பா? மட்ட வீசும்போது இடுப்பு மூட்டும் மேல் முதுகும் கதவுக் கீலு மாதிரி திரும்பணும். உங்களுக்கு ரெண்டும் துருப்புடிச்ச கீலு. அதனால நடுவுல மாட்டிக்கிட்ட கீழ் முதுகு எல்லாத்து வேலையும் சேத்துச் செய்யுது. எட்டுப் பேரு இருக்கற வூட்ல ஒரே மருமக மாதிரி. எத்தன நாளு தாங்குவா? ஒரு நாளு படுத்துக்குவா."

மாமியார் வீட்டில் எட்டுப் பேர் இருப்பது அவளுக்குத்தான் தெரியும்.

"ஆடறதுக்கு முன்னாடி ஒடம்ப சூடு பண்ணிக்கிறீங்களா?"

"வெயில்லதான ஆடறேன்."

"அப்பா! டிராக்டரக்கூட ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓட வுட்டுத்தான ஏரப் போடறீங்க? கட்டில்ல இருந்து நேரா கொல்லைக்குப் போயி மட்டையச் சுத்தினா?" சொல்லிக்கொண்டே பிரிட்ஜ் பக்கம் போனவள் தாளைப் பார்த்தாள். விரலால் எண்ணினாள். "இருபத்தேழு நாளு. இதச் செஞ்ச ஒடம்பு இப்படி இருக்காது."

தீர்த்தகிரி காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்தார். முருகன் உதவ முன்வரவில்லை.

"பொய் டிக்குதான?"

"பொய்யில்ல" என்றது ஒரு குரல். சமையலறை நிலையில் கோவிந்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "இருபத்தேழு நாளும் நடந்துச்சு. எல்லா டிக்கும் நெசந்தான்."

தீர்த்தகிரிக்கே ஆச்சரியம். தூக்கத்தில் செய்திருப்போமோ என்று ஒரு கணம் யோசித்தார்.

"நாந்தான் செஞ்சேன்" என்றாள் கோவிந்தம்மாள்.

"நீயா? எதுக்கும்மா?"

"உங்கப்பா டிக்கப் போட்டுட்டு மரத்தடிக்குப் போயிடுவாரு. செய்யாத ஒண்ண செஞ்சதா எழுதி வூட்டுக்குள்ள ஒட்டி வெச்சா வெளங்குமா? நேந்துக்கிட்டுச் செய்யாம வுட்டாப்பல இல்ல? போன வருஷம் இவருக்குக் கண்ணு ஆபரேசனு. கண்ணு நல்லானா அதியமான்கோட்டை பைரவரச் சுத்தறேன்னு இவருதான் வேண்டிக்கிட்டாரு. யாரு சுத்தினது? நானு. கண்ணு தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது."

"புருசன் வேண்டுதல பொண்டாட்டி செஞ்சா சாமி ஏத்துக்குது. அப்ப இதையும் ஏத்துக்கும்னு நெனச்சேன். இவரு பேப்பரு படிக்கற நேரத்துல நான் கதவச் சாத்திக்கிட்டு பாயப் போட்டு, நீ அனுப்புன வீடியோவ வெச்சிக்கிட்டு, அஞ்சையும் செஞ்சுடுவேன். இவரு இடுப்புக்காக."

கோகிலவாணி நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். தோள்கள் குலுங்கின.

"அம்மா! பைரவருக்கு வேணா ஆள் மாத்திக்கலாம். இதுக்கு ஆளு மாத்த முடியாதும்மா."

"அது எனக்குப் பத்து நாள்லயே தெரிஞ்சு போச்சு. இவரு இடுப்பு அப்படியே கெடந்துச்சு, என் முட்டி வலி போயிடுச்சு."

"அப்புறமும் ஏன் செஞ்ச?"

"முட்டி வலி போச்சுன்னா யாராச்சும் நிறுத்துவாங்களா?"

"ஒத்தக் கால்ல நில்லு, பாக்கலாம்."

கோவிந்தம்மாள் புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். பத்து. இருபது. நடுவில் பால் பொங்குகிறதா என்று எட்டி வேறு பார்த்தாள். நாற்பது வினாடியில் மகளே போதும் என்றாள்.

தீர்த்தகிரி சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. அவர் மரத்தடியில் கால்மேல் கால் போட்டு உலகச் செய்தி படித்துக்கொண்டிருந்த இருபத்தேழு காலையிலும், சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருத்தி பாயில் மல்லாந்து படுத்து, அவருடைய இடுப்புக்காகத் தன் இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.  இந்தப் பிடிப்புக்கு நஞ்சம்மாளின் காலும் உதவாது.

"சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேனே" என்றார், கரகரப்பாக.

"சொன்னா டிக்கு போடறதையும் நிறுத்தியிருப்பீங்க."

அது நியாயமான பதில் என்பதால் அவர் விஷயத்துக்கு வந்தார். "அப்ப ஞாயித்துக்கிழம?"

"ஆறு வாரம் முழு வீச்சு வீசவே கூடாது" என்றாள் கோகிலவாணி.

அறுபத்தேழு வயதுக்காரருக்கு அடுத்த வருஷம் என்பது எவ்வளவு தூரம் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சோற்றுப் பானை மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, கோவிந்தம்மாள்தான் அவருடைய போனை எடுத்து நூர் பாஷாவுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு வியாபாரிக் குரல் வந்தது.

"பாப்பா, நான் சொல்றதக் கேளும்மா. ஜோடி ஆட்டத்துல ரெண்டு பேரும் அடிச்சே ஆவணும்னு இல்ல. யாரு பந்து நல்லா போயிருக்குதோ அங்கிருந்து அடுத்தது அடிக்கலாம். தூரமா அடிக்கறத நான் பாத்துக்கறேன். குழி பக்கத்துல வந்தப்புறம் மெல்லத் தள்ளிவுடறது மட்டும் உங்கப்பா. அதுல அவரு கை ராஜா கை. நானு ரெண்டடியில இருந்து தள்ளினாக்கூட பந்து கர்நாடகாவுக்குப் போயிடும்."

கோகிலவாணி யோசித்தாள். "தள்ளறது பரவால்ல அங்கிள். ஆனா குனிஞ்சு குழியில கை வுட்டுப் பந்த எடுக்கக் கூடாது. போன வாரம் புடிச்சதே அதுலதான். நீங்க எடுத்துக் குடுப்பீங்களா?"

மண்டி இரைச்சலுக்கு நடுவே வியாபாரிக் குரல் இறங்கி வந்தது.

"எனக்கு முட்டி மடங்காதே பாப்பா. உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். எங்க வூட்ல ஷகிலா நமாஸுக்கே நாற்காலி வாங்கிப் போட்டிருக்கா."

ஆக, ஒருவருக்குத் தள்ளத் தெரியும், குனிய முடியாது. இன்னொருவருக்கு அடிக்கத் தெரியும், மடங்க முடியாது. பந்து குழிக்குள் விழுந்துவிட்டால் வெளியே எடுக்க ஆள் இல்லை. இப்படியொரு ஜோடி கடைசிக்கு முந்தின இடம் பிடித்ததே சாதனைதான்.

"நான் வந்து எடுத்துத் தரேன்" என்றாள் கோவிந்தம்மாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"முப்பத்தொரு வருஷமா அந்தப் புல்லுல என்னதான் இருக்குதுன்னு ஒரு நாளாச்சும் பாக்க வேணாமா?"

"அப்ப பை பரண்ல ஏறாதா?" என்றார் தீர்த்தகிரி, மெல்ல.

"ஏறும். நாளையில இருந்து அந்த அஞ்சுல பாப்பா சொல்றதையெல்லாம் நீங்களே செய்யணும், எம் பக்கத்துல பாயப் போட்டு. ஒரு நாளு தவறுச்சுன்னாலும் ஏறும்."

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கே" என்றார் தீர்த்தகிரி.

"இன்னிக்கு ஒத்தக் காலு மட்டும்" என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி ஸ்கூட்டரை எடுத்தாள். "செவத்தப் புடிச்சுக்கிட்டு."

மகள் போனதும் அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "வெள்ளிக்கிழம எனக்குப் புடிச்சது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? கொல்லையில யாருமே இல்லயே."

"கோழி சொல்லுச்சு" என்றாள் கோவிந்தம்மாள். அவர்கள் வீட்டில் கோழி இல்லை.

சாயந்தரம் அவர் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு. ஒன்பது. பதிமூன்றில் கால் தரையைத் தொட்டது. மறு காலில் பதினொன்று. பிறகு பேனாவை எடுத்து இருபத்தெட்டாவது டிக்கைப் போட்டார். அவர் போட்டதிலேயே மிகச் சின்ன டிக் அதுதான். கொஞ்சம் கோணல் வேறு.

அந்தச் சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டைகளைத் துடைத்து வைக்கலாம் என்று தோன்றியது. கேழ்வரகு மூட்டைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த பையை, முதுகை வளைக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி இழுத்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. அன்றைக்கு மண் காய்ந்து கிடந்தது. மழை பெய்ததே நேற்று ராத்திரிதான்.

ஏழாம் நம்பர் மட்டையை வெளியே எடுத்தார்.

அதன் முகத்தில் செம்மண் அப்பியிருந்தது. விரலால் தொட்டார். ஈரம்.

சத்தம் வராமல் மட்டையைத் திருப்பி, கைப்பிடியையும் பார்த்தார். ரப்பரில், இரண்டு கை பிடிக்கும் இடத்தில், லேசாகச் சமையல் மஞ்சள் படிந்திருந்தது.

தலையைத் தூக்கினார். சமையலறையில் கோவிந்தம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சமாகத் தளர்த்தி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதலில் இடுப்பு திரும்பியது. அதன் பின்னால் தோள். எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் கைகள் வந்தன. முப்பத்தொரு வருஷத் திங்கட்கிழமைகளில் ஒரு தடவைகூட அவருக்கு அப்படி வாய்த்ததில்லை.

"கோவிந்தம்மா."

"என்னங்க?"

"ஞாயித்துக்கிழம நீ பந்து எடுக்க மட்டுந்தான வர்ற?"

துடுப்பு ஒரு சுற்று நின்றது. பிறகு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

"களி ஆறிடும்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "மட்டைய தொடச்சு வெச்சுட்டு சாப்புட வாங்க."